அணுகுண்டுத் தூசி எப்போது கீழே வரும்? நோபல் விஞ்ஞானியின் கணக்கு தப்பிய கதை

கீழடி செய்திகளில் ‘கார்பன் டேட்டிங்’ என்று படித்திருப்பீங்க. அந்த முறையை உருவாக்கியவர் அமெரிக்க வேதியியலாளர் வில்லார்ட் லிபி (1908–1980). 1960-இல் நோபல் பரிசு. இது பலருக்கும் தெரிந்த லிபி. அதிகம் பேசப்படாத லிபி ஒருவர் இருக்கார்.

1954-இல் அவர் அமெரிக்க அணுசக்தி ஆணையத்தில் உறுப்பினரானார். ஹைட்ரஜன் குண்டுச் சோதனைகள் மும்முரமாக நடந்த நேரம். சிறிய குண்டின் தூசி தாழ்வாகவே மிதக்கும். சில வாரங்களில் மழை கழுவி இறக்கிவிடும். ஹைட்ரஜன் குண்டின் தூசியோ மழை மேகங்களைத் தாண்டி ஸ்ட்ராட்டோஸ்பியருக்கே போய்விடும். அங்கே மழை கிடையாது. அப்போ அது எப்போ, யார் தலையில் இறங்கும்?

பயம் ஸ்ட்ரான்சியம்-90 மேலே. இது கால்சியம் மாதிரியே நடந்துகொள்ளும். புல்லில் விழுந்து, பசும்பாலில் கலந்து, குழந்தைகளின் எலும்பில் போய்த் தங்கிவிடும். பாதியாகக் குறையவே சுமார் 29 ஆண்டுகள் ஆகும்.

லிபியின் கணக்கு இதுதான்: தூசி 5 முதல் 10 ஆண்டுகள் மேலேயே இருக்கும், உலகம் முழுக்கச் சமமாகப் பரவும், மெல்ல மெல்ல இறங்கும். அதனால் ஆபத்து மிகக் குறைவு, சோதனைகளைத் தொடரலாம். வானிலைத் துறையின் லெஸ்டர் மக்டா இதை ஏற்கவில்லை. மேல்காற்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறங்காது என்றார் அவர்.

தீர்ப்பு சொல்ல மேலே போய்த்தான் பார்க்கணும். பலூன்களை ஏற்றினார்கள். உளவுக்குப் பெயர்போன யு-2 விமானங்கள் வடிதாள்களோடு சுமார் 20 கி.மீ. உயரத்தில் தூசி பிடித்தன. கீழே மழைநீர், பால், மனித எலும்பு வரை சோதித்தார்கள். லிபி முன்னின்று நடத்திய ‘சன்ஷைன்’ திட்டத்துக்காக, இறந்த குழந்தைகளின் எலும்புகள்கூட பெற்றோருக்குத் தெரியாமல் எடுக்கப்பட்டன. பெயரைப் பாருங்க, சன்ஷைனாம்!

1959 வாக்கில் விடை தெளிவானது. தூசி ஓரிரு ஆண்டுகளிலேயே இறங்கிவிடுகிறது. அதுவும் வசந்த காலத்தில், வட அரைக்கோளத்தின் நடுப்பகுதியில் அதிகமாக. அமெரிக்காவும் ஐரோப்பாவும் இருப்பது அங்கேதான். சிதைந்து குறைய நேரமே கிடைக்கவில்லை. லிபி சொன்னது தப்பு, மக்டா சொன்னது சரி.

அந்த ஆண்டே ஆணையத்தை விட்டு லிபி கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். மலிவாகவும் அணுகுண்டுப் பதுங்கிடம் கட்டலாம்னு காட்ட, ரயில் பாதைக் கட்டைகளையும் மண்மூட்டைகளையும் வைத்து வீட்டில் ஒன்று கட்டினார். 1961 நவம்பரில் வந்த பெல் ஏர் காட்டுத்தீயில் அது எரிஞ்சு போச்சு.

1963-இல் வல்லரசுகள் வான்வெளிச் சோதனைகளை நிறுத்த ஒப்புக்கொண்டன. அதற்குள், லிபி காலம் கணிக்கப் பயன்படுத்திய அதே கார்பன்-14, வட அரைக்கோளக் காற்றில் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகியிருந்தது.