திருத்தணியில் பிறந்த முதல் கிருதி, கோட்டை பேண்டில் கேட்ட மெட்டு: யார் இந்த முத்துசுவாமி தீட்சிதர்?

சாம்பா, போசா நோவா, ஜாஸ் என்று உலகத்து இசையெல்லாம் இன்றைக்கு நம் கைபேசிக்குள் வந்துவிட்டது. திருத்தணி மலைப்படியில் உட்கார்ந்துகொண்டு ரியோ டி ஜெனிரோவின் கிட்டாரைக் கேட்கலாம், யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். அந்நிய இசையைக் கேட்பதும், அதைத் தன் பாட்டுக்குள் கொண்டுவருவதும் இந்தக் காலத்துப் பழக்கம்னுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் 200 ஆண்டுகளுக்கு முன்பே கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்ட் வாத்தியத்தைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார் ஒருவர். அவருடைய முதல் கிருதி பிறந்த இடமாகச் சொல்லப்படுவது இதே திருத்தணிதான். அவர் முத்துசுவாமி தீட்சிதர்.

கர்நாடக இசையின் மும்மூர்த்திகளில் ஒருவர். தியாகராஜர், சியாமா சாஸ்திரிகள், தீட்சிதர் மூவருமே திருவாரூரில் பிறந்தவர்கள். மூவரில் வயதில் இளையவர் தீட்சிதர்; பிறந்த ஆண்டு 1775. தந்தை ராமசுவாமி தீட்சிதர் பெரிய இசை மேதை. கச்சேரியின் தொடக்கத்தில் நாம் அடிக்கடி கேட்கிற ஹம்ஸத்வனி ராகம் அவர் உருவாக்கியதாகச் சொல்வார்கள். வைத்தீஸ்வரன்கோயில் முத்துக்குமாரசுவாமியை வேண்டிப் பிறந்த பிள்ளை என்பதால் முத்துசுவாமி என்று பெயர். தம்பிகள் சின்னசுவாமி, பாலுசுவாமி. கடைக்குட்டித் தம்பியான இந்த பாலுசுவாமியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

திருவாரூரிலிருந்து மணலிக்கு

மணலி என்றதும் இன்றைக்கு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைதான் நினைவுக்கு வரும். அன்றைக்கு அது மெட்ராஸுக்கு வடக்கே ஒரு ஜமீன். அதன் தலைவர் முத்துகிருஷ்ண முதலியார், கம்பெனியாருக்கு துபாஷியாக இருந்தவர். துபாஷி என்றால் வெள்ளைக்கார வியாபாரிக்கும் உள்ளூர்க்காரருக்கும் நடுவே நின்று பேசி, காரியம் முடித்துக் கொடுப்பவர். இசைப் பிரியரான அவர், ராமசுவாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு மணலிக்கு வரவழைத்து ஆதரித்தார். அவருக்குப் பின் அவர் மகன் வேங்கடகிருஷ்ண முதலியாரும் அப்படியே.

தீட்சிதர் சகோதரர்கள் புனித ஜார்ஜ் கோட்டையின் பேண்ட் இசையைக் கேட்டது இந்த முதலியார்கள் வழியாகத்தான். சோழ நாட்டு அக்ரகாரத்தில் வளர்ந்த காதுகளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வீணையில் ஒரு ஸ்வரம் தனியாக நிற்காது. அசைந்து, வளைந்து, பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டுவிட்டுத்தான் வரும். இதைத்தான் கமகம் என்கிறோம். பேண்டில் ஒவ்வொரு ஸ்வரமும் படிக்கட்டு மாதிரி தனித்தனியாக நிற்கும். நடையும் வேறு, சிப்பாய் நடப்பதற்கும் துரைமார் ஜோடி சேர்ந்து ஆடுவதற்கும் ஏற்ற தாளம்.

இந்தக் கேட்பின் முதல் பலன் பாலுசுவாமியிடம் கிடைத்தது. அவர் ஒரு ஐரோப்பியரிடம் மூன்று ஆண்டுகள் வயலின் கற்றுக்கொண்டு, அந்த வாத்தியத்தில் நம் ராகங்களை வாசித்தார். கர்நாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்தவர் என்று வரலாறு அவரைத்தான் முதலில் சொல்கிறது. இன்றைக்கு வயலின் பக்கவாத்தியம் இல்லாத பாட்டுக் கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியுமா? அது அந்நிய வாத்தியம் என்பதே பலருக்குத் தோன்றாது. அந்த அளவுக்கு நம்முடையதாகிவிட்டது.

காசி, அப்புறம் திருத்தணி

முத்துசுவாமியின் பாதை வேறு. சிதம்பரநாத யோகி என்ற துறவி மணலிக்கு வந்தபோது, அவரைத் தன்னோடு காசிக்கு அழைத்துப்போனார். அங்கே சில ஆண்டுகள் வேதாந்தம், ஸ்ரீவித்யை உபாசனை. கூடவே வடநாட்டு இசையும் காதில் விழுந்தது. தீட்சிதரின் கிருதிகள் பெரும்பாலும் நிதானமாக, யானை நடைபோல் நகர்வதற்கு அங்கே கேட்ட துருபத் இசை ஒரு காரணம் என்பார்கள். துவிஜாவந்தி, ஹமீர் கல்யாணி போன்ற வடநாட்டுச் சாயல் ராகங்களில் அவர் பாடி வைத்ததும் அந்தக் காசி வாசத்தின் தடம்தான்.

காசியிலிருந்து திரும்பியவர் திருத்தணிக்கு வந்தார். மரபு சொல்லும் கதை இது: மலைக்கோயிலில் தியானத்தில் இருந்தபோது ஒரு முதியவர் வந்து, வாயைத் திறக்கச் சொல்லி, கற்கண்டை வைத்துவிட்டு மறைந்துபோனார். வந்தவர் முருகனே என்று உணர்ந்த தீட்சிதர் அங்கேயே முதல் கிருதியைப் பாடினார். மாயாமாளவகௌள ராகத்தில் அமைந்த ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ தான் அது.

கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அந்தக் கிருதியின் அமைப்பு மட்டும் கண்ணெதிரே இருக்கிறது. பாட்டுக் கற்றுக்கொள்ளும் குழந்தைக்கு முதல் நாள் சரளி வரிசை சொல்லித்தருவது மாயாமாளவகௌளையில்தானே? தீட்சிதரும் அதே ராகத்தில்தான் தொடங்கினார். பல்லவியின் தொடக்கமே ஸ்வரங்களில் வரிசையாக மேலே ஏறி, வரிசையாகக் கீழே இறங்குகிறது. காசி வரை போய் இவ்வளவு படித்துவிட்டு வந்தவர், முதல் பாட்டில் வித்தை காட்டாமல் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்கிறார்.

அதைத் தொடர்ந்து குருவைப் பற்றி எட்டு வேற்றுமைகளிலும் எட்டு கிருதிகள். பள்ளிக்கூடத்தில் முதல் வேற்றுமை, இரண்டாம் வேற்றுமை என்று படித்தோமே, அதே கணக்குதான், சமஸ்கிருதத்தில் விபக்தி. ‘குருகுஹ’ என்ற முத்திரையும் இங்கிருந்தே தொடங்குகிறது. குகன், அதாவது முருகனே குரு என்று பொருள். பிற்காலத்தில் அவர் எந்தக் கோயிலில் எந்தத் தெய்வத்தைப் பாடினாலும், பாட்டுக்குள் எங்கேயோ திருத்தணி முருகன் ஒளிந்திருப்பான்.

நோட்டுஸ்வரம் என்றால் என்ன?

ஆங்கிலத்தில் இசை ஸ்வரத்தை நோட் என்கிறார்கள். அதைத் தமிழ் வாய் நோட்டு ஆக்கிக்கொண்டது. மேற்கத்திய மெட்டுகளுக்குத் தீட்சிதர் எழுதிய சிறிய சமஸ்கிருதப் பாட்டுகளுக்கு நோட்டுஸ்வர சாகித்யம் என்று பெயர். சுமார் 40 கிடைத்துள்ளன. எல்லாம் சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் அமைந்தவை. மேற்கத்திய மேஜர் ஸ்கேலும் நம் சங்கராபரணமும் ஸ்வரஸ்தானங்களில் ஒன்றேதான். கமகம் கிடையாது, சங்கதி கிடையாது. நேர் ஸ்வரம், சின்னச் சின்ன அடிகள், முடிந்தது.

அவற்றில் மிகவும் பேசப்படுவது ‘சந்ததம் பாஹிமாம் சங்கீத சியாமளே’. மெட்டு எது தெரியுமா? இங்கிலாந்தின் தேசிய கீதமான ‘காட் சேவ் தி கிங்’. ‘சக்தி சஹித கணபதிம்’ பிரெஞ்சு நடன மெட்டில் வருகிறது. ‘வந்தே மீனாக்ஷி’ அயர்லாந்தின் ‘லிமெரிக்’ என்ற மெட்டு. பாட்டு வகுப்பில் குழந்தைகள் தலையாட்டிப் பாடுகிற பாட்டுக்குள் அயர்லாந்துக் கிராமத்து ஆட்டம் இருக்கிறது என்றால் கேட்கவே வேடிக்கையாக இல்லை?

வேடிக்கையோடு விட முடியாத கேள்வி ஒன்றும் உண்டு. ஆள வந்தவர்களின் ராஜவாழ்த்து மெட்டை எடுத்துப் பாடியது அடிமைப் புத்தியா? ஆதரித்தவர் துபாஷி என்பதால் துரைமாரைக் குளிரவைக்க எழுதியதா? அப்படி நினைப்பவர்கள் இருக்கிறார்கள், சந்தேகத்தில் நியாயமும் இருக்கிறது. அந்த பேண்ட், ஊரைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு கம்பெனிப் பட்டாளத்தின் பேண்ட். ஆனால் அந்தப் பாட்டில் ராஜாவும் இல்லை, வாழ்த்தும் இல்லை. இருப்பது சியாமளா தேவி. மெட்டை மட்டும் வாங்கிக்கொண்டு ராஜாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார். துரையை மகிழ்விக்க நினைத்தவர் செய்கிற வேலையா அது? நல்ல காது உள்ள ஒருவர், காதில் விழுந்ததை விட மனமில்லாமல் செய்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

பிரேசிலிலும் இதே சண்டை

இந்தச் சந்தேகம் நமக்கு மட்டும் வந்ததில்லை. பிரேசிலில் சாம்பா, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் வளர்த்த இசை. பெரிய முழவு, சின்னப் பறை எல்லாம் சேர்ந்து தெருவை அதிரவைக்கும். 1950-களின் கடைசியில் ஜோவா ஜில்பெர்டோ அந்தத் தாளத்தை ஒரே ஒரு கிட்டாருக்குள் சுருக்கினார். கட்டைவிரல் பெரிய முழவின் அடியைப் பிடிக்கும், மற்ற விரல்கள் சின்னப் பறையின் வெட்டுத் தாளத்தைப் போடும், குரல் காதோரம் பேசுவதுபோல் மெல்ல வரும். அன்டோனியோ கார்லோஸ் ஜோபிம் அதோடு ஜாஸ் இசையின் சுரக்கூட்டுகளைச் சேர்த்தார். போசா நோவா பிறந்தது. அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸோடு ஜில்பெர்டோ சேர்ந்து 1964-ல் வெளியிட்ட ‘கெட்ஸ் - ஜில்பெர்டோ’ ஆல்பம் உலகமெல்லாம் விற்று, அடுத்த ஆண்டு கிராமி விருதும் வாங்கியது.

உள்ளூரில் என்ன சொன்னார்கள்? இது சாம்பாவே இல்லை, அமெரிக்க ஜாஸின் நகல் என்று ஜோஸே ராமோஸ் டினோராவோ போன்ற விமர்சகர்கள் சாடினார்கள். இரண்டு கதைகளும் அச்சு அசலாக ஒன்றல்ல. அங்கே ஏழைகளின் இசையை வசதியான கடற்கரைப் பகுதி இளைஞர்கள் மென்மையாக்கினார்கள் என்ற மனக்குறையும் உண்டு. நம் கதையில் மெட்டு வந்த திசை வேறு, அதிகாரத்தின் பக்கத்திலிருந்து வந்தது. ஆனாலும் அந்த ஆல்பத்தைக் கேட்டுவிட்டு நோட்டுஸ்வரத்தைக் கேளுங்கள். வெளியூர்ச் சரக்கை வைத்துக்கொண்டு உள்ளூர்க்காரர் தன் மொழியிலேயே பேசுவது இரண்டிலும் புரியும்.

திருவாரூர், எட்டயபுரம்

நோட்டுஸ்வரத்தை மட்டும் வைத்துத் தீட்சிதரை எடைபோட்டால் அது அநியாயம். அவருடைய மலைகள் வேறு. திருவாரூர் கமலாம்பாள் மீது பாடிய நவாவரண கிருதிகள், நவக்கிரகக் கிருதிகள், காஞ்சி, சிதம்பரம், மதுரை என்று கோயில் கோயிலாக நடந்து பாடியவை. தலத்தின் பெயர், வழிபாட்டு முறை, ராகத்தின் பெயர் எல்லாம் பாட்டுக்குள்ளேயே பதிந்திருக்கும். தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு அவருடைய சீடர்கள். இவர்களில் வடிவேலு வயலினில் வல்லவர். 1834-ல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தில் செய்த வயலினைப் பரிசளித்தார். கோட்டையில் கேட்ட ஒலி அதற்குள் அரண்மனைவரை போய்விட்டது.

கடைசிக் காலத்தில் தீட்சிதர் எட்டயபுரம் போனார். தம்பி பாலுசுவாமி அங்கே சமஸ்தான வித்வான். 1835-ம் ஆண்டு தீபாவளி நாளில் அங்கேயே காலமானார். சமாதியும் அங்கேதான் இருக்கிறது.

அவர் பாட்டுகள் அதன்பின் வாய்வழியாகவும் வீட்டுச் சுவடிகளிலும்தான் உயிரோடு இருந்தன. குடும்பச் சொத்தாகப் பொத்தி வைத்திருந்தவர் சுப்பராம தீட்சிதர். பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரன், அவரே தத்தெடுத்து வளர்த்த பிள்ளை. அதை அச்சில் கொண்டுவரச் சொல்லி விடாமல் வற்புறுத்தியவர் சின்னசாமி முதலியார். இவர் ஒரு கிறிஸ்தவர். கர்நாடகக் கீர்த்தனைகளை ஐரோப்பிய ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதி 1893-லேயே அச்சிட்டவர். நோட்டுஸ்வரங்கள் பல அவர் வெளியீட்டில்தான் முதலில் வெளிச்சத்துக்கு வந்தன. எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆதரவோடு 1904-ல் தெலுங்கு லிபியில் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ வெளியானது. அதில் தீட்சிதரின் 229 கிருதிகள் ஸ்வரக் குறிப்போடு இருக்கின்றன. பின்னர் சென்னை மியூசிக் அகாடமி அதைத் தமிழில் கொண்டுவந்தது. இரண்டே வருடத்தில், 1906-ல், சுப்பராம தீட்சிதர் மறைந்தார். அந்த முதலியார் மட்டும் வற்புறுத்தாமல் இருந்திருந்தால் எத்தனை பாட்டு அவரோடு போயிருக்குமோ!

நோட்டுஸ்வரங்கள் இப்போது மறுபடியும் கடல் கடந்துவிட்டன. அமெரிக்காவின் சின்சினாட்டியில் வாழும் இசையமைப்பாளர் கன்னிகேஸ்வரன், இவற்றை அயர்லாந்து இசையோடு சேர்த்து ‘விஸ்மயா’ என்று ஆல்பமாக வெளியிட்டிருக்கிறார். கோட்டையில் கேட்ட மெட்டு, அதன் பழைய வாத்தியங்களோடு, ஆனால் தீட்சிதரின் சமஸ்கிருதத்தில் ஒலிக்கிறது. கேட்டுப் பாருங்கள். அப்படியே ‘ஸ்ரீநாதாதி’யையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள், ஸரிகமபதநிஸ ஏறி இறங்குவது காதுக்கே தெரியும்.