பூமரங்களின் ஓவியர்

பெங்களூரில் வாழ்பவர்கள் நாட்காட்டியைப் புரட்டாமலேயே பருவத்தை அறிந்துகொள்ளலாம். குளிர்காலத்தில் இளஞ்சிவப்புத் தபேபுயா பூக்கும். மாசியில் மஞ்சள் தபேபுயா இலைகளை எல்லாம் உதிர்த்துவிட்டுப் பொன்னிறம் பூண்டு நிற்கும். பங்குனியில் ஜகரந்தாவின் ஊதா மலர்கள் தெருவெங்கும் உதிர்ந்து கிடக்கும். சித்திரையும் வைகாசியும் குல்மோகரின் மாதங்கள். ஒரு மரம் பூத்து ஓய்ந்ததும் அடுத்த மரம் பூக்கத் தொடங்குவது தற்செயலன்று. 1908ஆம் ஆண்டு முதல் 1932 வரை லால்பாக் தோட்டத்தின் பொறுப்பில் இருந்த செருமானியத் தோட்டக்கலை வல்லுநர் கிரும்பிகல், ஆண்டு முழுவதும் நகரில் எங்கேனும் ஒரு மரம் பூத்திருக்க வேண்டும் என்று கருதி மரங்களைத் தேர்ந்து நட்டார். குல்மோகரின் தாயகம் மடகாஸ்கர் தீவு. ஜகரந்தாவும் தபேபுயாவும் தென் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. நம் குடும்பங்களைப் போலவே அவையும் வேற்றூரிலிருந்து வந்து இங்கு வேரூன்றியவையே.

இம்மரங்களைத் திரும்பத் திரும்பத் தீட்டுவதையே தம் பிற்கால வாழ்க்கையாகக் கொண்ட ஓவியர் ஒருவர் இந்நகரில் வாழ்ந்தார். அவர் பெயர் ருமாலே சென்னபசவய்யா. கன்னடத்தில் ருமாலு என்னும் சொல்லுக்குத் தலைப்பாகை என்பது பொருள்.

அவர் 1910ஆம் ஆண்டு, பெங்களூருக்கு வடக்கே உள்ள தொட்டபள்ளாபுரத்தில் பிறந்தார். இளமையிலேயே ஓவியத்தில் நாட்டம் கொண்டு, பெங்களூரில் ஏ. என். சுப்பாராவ் நடத்திய கலாமந்திரம் என்னும் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் மைசூரு சாமராஜேந்திரத் தொழில்நுட்ப நிறுவனத்திலும் பயின்றார். அவர் வரைகலையில் முறையாகத் தேர்ந்துவந்த அந்நாளில் நாட்டில் விடுதலைப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்தது. 1930ஆம் ஆண்டில் காந்தியடிகள் தண்டிக்கு நடந்து சென்று உப்பு அள்ளினார். இருபது வயதை எட்டிய சென்னபசவய்யாவும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுப் போராட்டத்தில் இறங்கினார்.

அவர் மீண்டும் அதனை முழுமையாகக் கையில் எடுக்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. அந்த முப்பது ஆண்டுகளில் அவர் பலமுறை சிறை சென்றார். காங்கிரசுத் தொண்டராக ஊர் ஊராகச் சென்று உழைத்தார். ‘தாயிநாடு’ என்னும் கன்னட நாளிதழின் பணியிலும் ஈடுபட்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை. நாடு விடுதலை பெற்றபின் அரசியலிலேயே நீடித்திருந்தால் அவரைக் குறை கூறுவார் எவருமிலர். ஆனால் 1960களின் தொடக்கத்தில், ஐம்பது வயதைக் கடந்த நிலையில், அவர் பொதுவாழ்விலிருந்து விலகி ஓவியத்திற்கே திரும்பினார்.

இம்முடிவு எளிதன்று. வீணையை நெடுநாள் தொடாதவர் மீண்டும் மீட்டத் தொடங்கும்போது ராகம் நினைவில் இருக்கும், விரல்தான் இணங்காது. ஓவியருக்கும் அதுவே நிலை. கண் விரும்புவதைக் கை செய்யாது. இளமையில் கற்ற பாடம் நெஞ்சில் இருந்தாலும், அதனைக் கையில் மீட்டெடுக்கப் பயிற்சி ஒன்றே வழி. அப்பயிற்சிக்குச் சென்னபசவய்யா எங்கும் தேடிச் செல்லவில்லை. கப்பன் பூங்காவும் லால்பாக்கும் மரங்கள் கவிந்த சாலைகளும் அவருக்குப் பள்ளிகளாயின. மரத்தின் எதிரே அமர்ந்து, மரத்தைப் பார்த்தவாறே தீட்டுவது அவர் வழக்கம்.

ஒரே வகை மரத்தைப் பலமுறை தீட்டினால் சலிப்பு ஏற்படாதா என்று நீங்கள் வினவலாம். மரத்தை உற்றுப் பார்க்காதவருக்கு ஏற்படும். குல்மோகரின் கிளைகள் குடைபோல் பக்கவாட்டில் விரிகின்றன. ஆகவே அதன் நிழல் உயரத்தைவிட அகலம் மிக்கது. ஜகரந்தா பூக்கும் காலத்தில் பெரும்பாலும் இலைகள் இரா. கிளைகளுக்கிடையே வானம் தெரியும். எனவே ஊதா நிறத்தோடு வான்நீலமும் கலந்து தோன்றும். இரண்டும் வெவ்வேறு நிறங்கள் என்று காட்டுவதே ஓவியனுக்குச் சோதனை. மஞ்சள் தபேபுயாவின் அடிமரம் கோணலும் வெடிப்புமாய்க் கரடுமுரடாக இருக்கும், மலர்களோ மெல்லியவை. ஒரே படத்தில் ஒரே தூரிகையால் இரண்டையும் உணர்த்த வேண்டும். காலையில் சிவந்து தெரியும் குல்மோகர்ப் பூ, மாலை நிழலில் கருஞ்சிவப்பாகவும் ஊதாவாகவும் மாறிவிடும். இத்தனையையும் ஒரு படத்தில் அடக்குதல் இயலாது. ஆகவே அடுத்த படம் வேண்டியதாகிறது.

அவர் நீர்வண்ணத்திலும் எண்ணெய் வண்ணத்திலும் தீட்டினார். இவ்விரண்டும் எதிரெதிரான இயல்பு உடையவை. நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது தாளின் வெண்மையே. அதனைத் தொடாமல் விட்டுவைக்க வேண்டும். வெளிர்நிறத்தில் தொடங்கி அடர்நிறத்திற்குச் செல்ல வேண்டும். நிறம் விரைவில் உலர்ந்துவிடும். பிழையைத் திருத்துவது அரிது. எண்ணெய் வண்ணமோ மெல்ல உலரும். அடர்நிறத்தின் மேல் வெளிர்நிறத்தைக் குழைத்து அப்பலாம். நீர்வண்ணத்தில் மரத்தை வரைபவர் எதனை விட்டுவிடுவது என்று கற்கிறார். எண்ணெய் வண்ணத்தில் வரைபவர் எதனைச் சேர்ப்பது என்று கற்கிறார். சென்னபசவய்யாவின் எண்ணெய் வண்ணப் படங்களில் மலர்கள் தனித்தனியே வரையப்பட்டிருப்பதில்லை. சிறுசிறு தீற்றல்கள் நெருங்கி அமைந்து, சற்றே விலகி நின்று நோக்கும்போது பூத்த மரமாகத் திரள்கின்றன. இதனால் அவரை டச்சு ஓவியர் வான்கோவுடன் ஒப்பிடுவோர் உண்டு. 1889ஆம் ஆண்டில் வான்கோவும் பிரான்சு நாட்டின் தென்பகுதியில் தங்கி, ஒலிவ மரங்களை மட்டுமே 15 படங்களுக்குக் குறையாமல் தீட்டினார். ஆயினும் அவை வறண்ட நிலத்தின் முறுக்கேறிய மரங்கள். சென்னபசவய்யாவின் மரங்களோ நிறைந்து மலர்ந்தவை. ஒப்புமையைக் காட்டிலும் வேற்றுமையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இவ்விடத்தில் மற்றொரு செய்தியும் நினைவுகூரத் தக்கது. 1891ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஓவியர் மோனே, ஆற்றங்கரையில் வரிசையாக நின்ற பாப்ளர் மரங்களை வெவ்வேறு வேளைகளில் தீட்டிவந்தார். பணி முடியுமுன்னரே அம்மரங்கள் ஏலத்திற்கு வந்தன. மர வணிகர் ஒருவருக்குப் பணம் கொடுத்து, படங்களைத் தீட்டி முடிக்கும் வரை மரங்களை வெட்டாமல் வைத்திருக்கச் செய்தார் மோனே. பின்னர் அவை வெட்டப்பட்டன. இன்று அந்தப் படங்கள் எஞ்சியிருக்கின்றன.

சென்னபசவய்யா தீட்டிய காலத்தில் பெங்களூர் விரைந்து வளரத் தொடங்கியிருந்தது. ஏரிகள் சுருங்கின, புதிய குடியிருப்புகள் எழுந்தன. அவருடைய இல்லமும் ஓவியக்கூடமும் அத்தகைய புதிய பகுதிகளுள் ஒன்றாகிய ராஜாஜிநகரில் இருந்தன. ஓசூருக்கு அருகில் தொரப்பள்ளியில் பிறந்து, பெங்களூர் மத்தியக் கல்லூரியில் பயின்ற நம் ராஜாஜியின் பெயரைத் தாங்கிய பகுதி அது. வளரும் நகரின் நடுவே வாழ்ந்துகொண்டு, அந்நகர் எவற்றையெல்லாம் இழக்கக்கூடுமோ அவற்றை அவர் தீட்டிவந்தார். நந்தி மலையும் இமயமும் போன்ற தொலைவிடங்களின் காட்சிகளும் அவர் படங்களில் உண்டு. எனினும் அவர் பெயரைக் கேட்டதும் பெங்களூர் மக்களின் நினைவுக்கு வருபவை பூமரங்களே.

அவர் 1988ஆம் ஆண்டில் மறைந்தார். அதன்பின் சாலைகளை அகலப்படுத்தவும் மேம்பாலங்களும் மெட்ரோ ரயில் பாதையும் அமைக்கவும் நகரின் நெடுமரங்கள் பல வெட்டப்பட்டன. அவருடைய ஓவியங்கள் பல, ராஜாஜிநகரில் அவர் பெயரால் அமைந்த கலைக்கூடத்தில் பேணப்பட்டு வருகின்றன. அவற்றைக் காணச் செல்லும் முதியோர் சிலர், இஃது இன்ன சாலை, இஃது இன்ன திருப்பம் என்று படத்தில் உள்ள மரத்தைக் கொண்டே இடத்தை அடையாளம் காணக்கூடும்.