சேர் பொன்னம்பலம் அருணாசலம் என்னும் உத்தியோகத்தர்

கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்கவேண்டும் என்று எங்கள் பகுதியில் ஒரு பழமொழி வழங்கிவருகின்றது. தோட்டமும் பனையுமே சீவனமாயிருந்த ஊர்களில், மாதந்தோறும் வரும் சம்பளமும் இளைப்பாறியபின் வரும் பென்சனும் எவ்வளவு பெரிய காரியம் என்பதை உடுப்பிட்டிப் பெரியோர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அவர்களுள் எத்தனையோ பேர் தகரப் பெட்டியுடன் இரயிலேறிக் கொழும்புக் கந்தோர்களிற் பேனா பிடித்து, வீட்டுக்கு மணியோடர் அனுப்பிச் சகோதரிகளைக் கரையேற்றியவர்கள். ஆனால் அந்தப் பழமொழியில் ஒரு குறையுண்டு. கோழியை எப்படி மேய்ப்பது என்று அது சொல்லவில்லை. மேய்க்கிறவன் முட்டையைத் தன் மடியிற் கட்டிக்கொள்ளலாமா என்றும் சொல்லவில்லை.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அருணாசலம் பெயரால் ஒரு விடுதி இருக்கின்றது. அங்கே உண்டு உறங்கும் மாணவர்களிற் பலருக்கும் அவர் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர் என்பது மாத்திரமே தெரியும். எனக்கும் முதலில் அவ்வளவே தெரிந்திருந்தது. அவர் அரசியல்வாதியாக வாழ்ந்தது ஏறக்குறைய பத்து வருடங்களே. அரசாங்க உத்தியோகத்தராக வாழ்ந்ததோ முப்பத்தெட்டு வருடங்கள். அந்த முப்பத்தெட்டைப் பற்றியே இங்கு எழுத விரும்புகின்றேன்.

மானிப்பாயைப் பூர்வீகமாகவுடைய பொன்னம்பல முதலியாரின் புதல்வராக 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆந் திகதி கொழும்பிலே பிறந்தார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் இவருக்குத் தமையனார். சேர் முத்துக்குமாரசுவாமி தாய்மாமனார். கொழும்பிற் கல்வி கற்றுப் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்று, கிறைஸ்ற் கல்லூரியிற் பயின்றார். நியாயவாதியாக வேண்டும் என்பதே அவருடைய சொந்த விருப்பம். மாமனாரோ சிவில் சேவையையே விரும்பினார். மாமன் சொல்லைத் தட்டாத மருமகன் 1875இல் போட்டிப் பரீட்சையிற் சித்தியடைந்து, அவ்வழியால் இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையரானார். பின்பு பல இடங்களில் நீதிபதியாகக் கடமை பார்த்தார்.

1887இல் தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் இவரைப் பதிவாளர் நாயகமாகவும் மேல்மாகாணப் பிஸ்காலாகவும் பதிற் கடமை பார்க்க நியமித்தார். சேவையில் இவருக்கு மூத்தவர்கள் முப்பது பேர்வரையில் இருக்க, அவர்களைத் தாண்டி இந்நியமனம் நிகழ்ந்தது. வெள்ளைக்கார உத்தியோகத்தர்கள் முணுமுணுத்ததில் அதிசயமில்லை. ஒரு சிறு தவறு செய்திருந்தாலும் அது அவருடைய தவறாக மாத்திரம் எண்ணப்பட்டிராது. இலங்கையர் எல்லாருடைய தவறாகவே எண்ணப்பட்டிருக்கும்.

அவர் கையேற்ற இலாகா எப்படியிருந்தது? மோசடியும் கைக்கூலியும் மலிந்து கிடந்தன. காணி உறுதிகள் பதிவாகும் இடம் அது. நம்மவர்க்குக் காணி என்பது வெறும் மண்ணன்று. மகளின் சீதனம், பேரனின் வளவு. அந்த உறுதி பதிவாவதும் பதிவாகாமற் கிடப்பதும் ஒருவனுடைய தயவிலே தங்கியிருந்தால், அவன் கேட்பதைக் கொடாமல் என் செய்வது?

இதை நான் நூலில் மாத்திரம் படித்தறியவில்லை. என் தாயாரின் சீதனக் காணிக்கு உறுதிப் பிரதியொன்று வேண்டி ஒரு கந்தோருக்குப் போயிருந்தோம். எந்தக் கந்தோர் என்று கேளாதிருங்கள். வாசலில் நின்ற ஒருவர், ஐந்நூறு ரூபா தந்தால் இன்றைக்கே கிடைக்கும், இல்லையேல் வருகிற மாதம் வாருங்கள் என்றார். தாயார் வெயிலில் நின்றார். நான் கொடுத்துவிட்டேன். வாங்கியவனைப்போலவே கொடுத்தவனும் குற்றவாளி என்பதே சட்டம். பிரதி பத்து நிமிடத்தில் வந்தது. பத்து நிமிட வேலைக்கு ஒரு மாதத் தவணை சொன்னதன் காரணம் அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று.

அருணாசலம் இதற்கு என்ன செய்தார் என்பதே என் மனத்தைக் கவர்ந்தது. அவர் குற்றவாளிகளைத் தேடித் தண்டிப்பதோடு நின்றுவிடவில்லை. பதிவேடுகளுக்கு ஒழுங்கான அறை அமைத்தார், அட்டவணைகள் ஆக்குவித்தார். இது மிகச் சாதாரணமான காரியமாகத் தோன்றும். ஆனால் ஏடுகள் அட்டவணையின்றிக் குவிந்து கிடக்கும்போது, எந்த ஏடு எங்கே இருக்கின்றது என்பது ஒரு கிளாக்கருடைய தலைக்குள்ளே மாத்திரம் இருக்கின்றது. அந்த ஞாபகமே அவர் விற்கும் சரக்கு. அட்டவணை எழுதி வைத்துவிட்டாலோ விற்பதற்கு ஒன்றும் இல்லாமற் போகின்றது. கையை வெட்டாமலே கைக்கூலியை நிறுத்தும் வழி இது.

இன்னுமொன்று செய்தார். கடன்பட்டு வருந்தும் இலிகிதர்களுக்காக ஓர் உதவிநிதியை ஏற்படுத்தினார். வட்டிக்காரன் கந்தோர் வாசலிற் காத்திருக்கும்போது உள்ளே இருப்பவனுடைய நேர்மை எத்தனை நாள் நிலைக்கும்? இன்று அரசாங்க உத்தியோகத்தர்க்குரிய தாபன விதிக்கோவையின் 47ஆம் அத்தியாயம் அவர்களுடைய நடத்தையைப் பற்றியது. பரிசு பெறுதல், வெளித் தொழில் செய்தல், அரசியலில் ஈடுபடுதல் முதலியவற்றோடு கடுங்கடனில் மூழ்கிக் கிடத்தலையும் அது குறிப்பிடுகின்றது. கடன் ஒருவனுடைய சொந்த விடயந்தானே என்று நான் முதலில் நினைத்தேன். அருணாசலத்தின் உதவிநிதியைப் பற்றிப் படித்தபின் அந்த விதியின் நியாயம் தெரிந்தது. ஆனால் விதி கடன்படாதே என்கின்றது. அருணாசலமோ கடன்பட்டவனைக் கரையேற்றவும் ஒரு வழி செய்தார். விதியை எழுதியவர்கள் அந்தப் பாதியை மறந்துவிட்டார்களோ என்று எண்ண வேண்டியிருக்கின்றது.

1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பும் அவருடைய பொறுப்பிலேயே நடந்தது. மார்ச் முதலாந் திகதி எடுத்த அக்கணக்கின்படி இலங்கையின் சனத்தொகை 35,65,954. தொகையை எழுதிவிட்டு ஓய்ந்துவிடாமல், இந்நாட்டு மக்களின் வரலாறு, சமயம், மொழி, வழக்கம் என்பவற்றையும் தமது அறிக்கையில் விரிவாக எழுதினார். சம்பளத்துக்கு வேண்டிய அளவுக்கு மேலாக வேலை செய்வதை எந்த விதியும் கட்டாயப்படுத்துவதில்லை.

இனி, எனக்கு இலகுவில் உடன்பாடாகாத ஒரு பகுதிக்கு வருகின்றேன். இந்த முப்பத்தெட்டு வருடங்களும் அவர் அரசியல் மேடை ஏறவில்லை. இந்நாட்டவர்க்குச் சுயாட்சி வேண்டும் என்ற எண்ணம் திடீரென்று பிறந்திராது. உள்ளத்திலே நெடுங்காலம் இருந்திருக்கவேண்டும். அவருக்கே அநீதியும் நிகழ்ந்தது. வெள்ளையர்க்கு உரியதாயிருந்த மாகாண அரசாங்க அதிபர் பதவி, அத்தனை திறமையிருந்தும் அவருக்குக் கொடுபடவில்லை. 1906இல் சட்டநிரூபண சபைக்கு நியமனம் பெற்றபோதும் அரசாங்கப் பக்கத்து உத்தியோகத்தராகவே அங்கு அமர்ந்தார். 1911இல் தமையனார் இராமநாதன் படித்த இலங்கையரின் பிரதிநிதியாகத் தெரிவுசெய்யப்பட்டபோதும் தம்பியார் அரசாங்க உத்தியோகத்தரே. அடுத்த வருடம் நிருவாக சபையிலும் இடம்பெற்றார்.

அப்படி வாய்மூடியிருந்தது அடிமைத்தனம் அல்லவா என்று விடுதியில் என் தோழர் ஒருவர் வாதித்தார். எனக்கும் இளரத்தந்தான், உடனே மறுமொழி சொல்ல இயலவில்லை. பின்பு யோசித்தபோது ஒன்று தோன்றிற்று. பதிவாளர் நாயகத்தின் மேசைக்குச் சிங்களவரும் வருவர், தமிழரும் வருவர், முஸ்லிம்களும் பறங்கியரும் வருவர். அவர் எக்கட்சியார் என்ற எண்ணம் வருகிறவன் மனத்திற் புகுந்துவிட்டால், அவர் நீதியாக நடந்தாலும் அந்த நீதி நம்பப்படமாட்டாது. நாவடக்கம் எசமானுக்குச் செய்யும் உபசாரமன்று. எதிரே நிற்பவனுக்குக் கொடுக்கும் உறுதி. தோழர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

சிவில் சேவையின் சட்டையை மாட்டியிருந்தாலும் உள்ளே அவர் ஒரு சைவ சாதகர். கேம்பிரிட்ஜ் நண்பரான எட்வேர்ட் கார்ப்பென்ரர் 1890இல் இலங்கைக்கு வந்தபோது, தமது குருவான இராமசுவாமி என்னும் ஞானியிடம் அவரை அழைத்துச் சென்றார். திருவாசகப் பாடல்கள் சிலவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அவர் மணிவாசகரை நாடியது எனக்கு வியப்பாயிருந்தது. திருவாதவூரரும் ஓர் உத்தியோகத்தரே. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணத்தைக் கோயிற் பணிக்குச் செலவிட்டவர் என்று புராணம் கூறும். கணக்குப் பரிசோதகர் இதை எப்படிப் பார்ப்பார்? மிசன் பள்ளிக்கூடத்திலே படித்த எனக்கு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்க முன்வந்த ஆயக்காரன் சகேயுவின் கதையே முன்பு தெரியும். வாதவூரர் அன்பினால் அரசபணத்தை ஈந்தார், அரசன் தண்டிக்க அதையும் அனுபவித்தார், பின் அமைச்சுப் பதவியையே துறந்தார். அருணாசலமோ பதவியில் இருந்தவரையில் அரசபணத்தை அரசபணமாகவும் பக்தியைத் தம் பக்தியாகவும் வெவ்வேறாக வைத்திருந்தார். அது எனக்குச் சரியாகவே படுகின்றது. பெரியோர்கள் குறைகண்டாற் பொறுத்தருள்க.

1913இல் இளைப்பாறினார். சாய்மனைக் கதிரையும் பத்திரிகையும் என்று இருந்திருக்கலாம். 1915இல் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தை நிறுவினார். 1917 ஏப்ரில் 2ஆந் திகதி எமது அரசியல் தேவைகளைப் பற்றி அவர் ஆற்றிய பேருரையிலே, அதுகாறும் அடக்கிவைத்தவையெல்லாம் வெளிவந்தன. அவ்வாண்டிலேயே சீர்திருத்தச் சங்கமும், 1919இல் தொழிலாளர் நலச் சங்கமும் தேசிய காங்கிரசும் தோன்றின. மேல்மாகாணத் தமிழர்க்குரிய ஆசனம் பற்றிய வாக்குறுதி காப்பாற்றப்படாமையால் 1921இல் காங்கிரசை விட்டு விலகினார். அக்கதை தனியே எழுதத்தக்கது.

தென்னாட்டுத் தலங்களைத் தரிசிக்கப் புறப்பட்டவர், 1924ஆம் ஆண்டு சனவரி 9ஆந் திகதி மதுரையிலே தேகவியோகமடைந்தார். அப்பொழுது அவருக்கு வயது எழுபது. வாதவூரர் அமைச்சராயிருந்த ஊரும் அதுவே.