இரசத்துளியும் ஹெய்ரொவ்ஸ்கியும்

குடிநீரிற் கரைந்த ஈயம் கண்ணுக்குப் புலப்படாத நஞ்சு. அத்தகைய நுண்ணளவு உலோகங்களை அளந்தறிய வழி கண்டவர் செக் நாட்டு அறிஞர் யாரொஸ்லாவ் ஹெய்ரொவ்ஸ்கி. 1890இல் பிராக் நகரிற் பிறந்த அவரை நான் போற்றுவது அவர் பெற்ற பரிசுக்காகவன்று, அவர்தம் பொறுமைக்காகவே.

1918இல் கலாநிதிப் பட்டத் தேர்வின்போது பேராசிரியர் குசேரா, இரசத்தின் பரப்பிழுவை பற்றி அவரை வினவினார். துளிகளை நிறுத்துக் கண்ட அளவுகள் பிற முறையாற் கண்டவற்றோடு பொருந்தாமை ஏன் என்பதே சிக்கல். அவ்வினாவைப் பற்றிக்கொண்டவர், மெல்லிய கண்ணாடிக் குழாயினின்று கரைசலுட் சொட்டும் இரசத்துளிகளை ஆண்டுக்கணக்கில் திரட்டி நிறுத்துவந்தார். நானாயின் கைவிட்டிருப்பேன். 1922 பெப்ரவரி 10ஆம் நாள், நிறுப்பதை விடுத்து, துளியினூடே செல்லும் மின்னோட்டத்தை அளந்தார். மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட, மின்னோட்டம் படிக்கட்டுப்போல் உயர்ந்தது. படி எழும் மின்னழுத்தம் உலோகம் இன்னதெனக் காட்டும். படியின் உயரம் அதன் அளவைக் காட்டும். ஒவ்வொரு துளியும் புதியதாதலின் மின்வாயின் முகம் என்றும் மாசற்றிருக்கும். இவ்வெளிமையன்றோ வியப்பு! லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் ஈயமும் இம்முறைக்குத் தப்பாது.

1924இல் அவரும் யப்பானியராகிய மசுசோ சிக்காத்தாவும், இவ்வளைகோட்டைத் தானே வரையும் பொலரோகிராப் கருவியை அமைத்தனர். மணிக்கணக்கான வேலை நிமிடங்களில் முடிந்தது. 1939இல் நாசியர் செக் பல்கலைக்கழகங்களை மூடினர். நாசியத்துக்கு இணங்காத ஜெர்மன் பேராசிரியர் பேம் துணைநின்றமையாலேயே ஹெய்ரொவ்ஸ்கியின் ஆய்வு தொடர்ந்தது. அந்நாளில் அவ்வுதவி சிறியதன்று.

1959இல் நோபெல் பரிசு கிடைத்தபோது, முதன்முதல் மின்னோட்டத்தை அளந்த அந்நாளிலிருந்து முப்பத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. 1967இல் பிராக்கிலேயே மறைந்தார்.