குளிரை அளந்தாண்ட கார்ல் லிண்டே

சேர்வராயன் மலையடியிலுள்ள குப்பனூரில் மாலையில் அரைத்த இட்டலி மாவு, விடியுமுன் பொங்கிப் புளித்துவிடும். அந்த மாவையே மார்கழியில் ஏற்காட்டிற்குக் கொண்டுசென்று வைப்போமாயின், விடிந்த பின்னும் பொங்காது கிடக்கும். புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் வெம்மையில் விரைந்தும் குளிரில் தளர்ந்தும் தொழில் புரிதலே இதற்குக் காரணமாம். இவ்வுண்மையைப் பொறியில் அமைத்து உலகிற்கு உதவிய பேரறிஞர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி வரைவோம்.

கார்ல் லிண்டே 1842ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் பவேரியாவிலுள்ள பெர்ன்டார்ப் என்னும் சிற்றூரில், போதகர் ஒருவரின் மைந்தராய்ப் பிறந்தார். இளமையிலேயே அவருள்ளம் பொறிகளை நாடிற்று. சூரிச் நகரத் தொழிற்கல்லூரியில் பயில்கையில், 1864இல் மாணவர் கிளர்ச்சியொன்றிற் கலந்தமையால் பட்டம் பெறாமலே வெளியேற நேர்ந்தது. எனினும் அவர் மனந்தளர்ந்திலர். பஞ்சாலையிலும் இரயில் எஞ்சின் சாலையிலும் உழைத்துத் தேர்ந்து, 1868இல் முனிச் நகரத் தொழிற்கல்லூரியில் ஆசிரியரானார்.

பவேரியர் பார்லியினின்று வடிக்கும் பீர், பத்து டிகிரிக்கு உட்பட்ட குளிரிலேயே செவ்வனே புளித்து முதிர்வது. ஆதலின் கோடையில் அதனைக் காய்ச்சலாகாதென 1553இல் ஆணை பிறந்தது. பிற்காலத்தில் ஏரிப் பனிக்கட்டியை வெட்டி நிலவறைகளிற் சேர்த்தனர். குளிர் குன்றிய ஆண்டிலோ தொழில் நலிந்தது. நம் சென்னையும் அந்நாளில் அமெரிக்கப் பனிக்கட்டியையே கப்பல்வழி எதிர்நோக்கி நின்றது. அதனைக் காத்துவைக்க எழுந்த ஐஸ் ஹவுஸ், லிண்டே பிறந்த 1842இலேயே கட்டப்பெற்றதென்பது வியப்பன்றோ!

குளிர் வேண்டும்; மிகினோ கேடு. சுழியத்திற்கு இரண்டு மூன்று டிகிரி கீழிறங்கின் பீர் உறையத் தொடங்கும். நீர் முன்னர்ப் பனிக்கட்டியாக, எஞ்சியதில் சாராயம் செறியும். உறையும் நீர் நூற்றுக்கு ஒன்பது பங்களவு விரிதலின் புட்டி வெடிக்கும். உருகிய பின்னும் பானம் கலங்கும். வீட்டில் வடித்ததெனின், புட்டிக்குள் வாயுவை எழுப்பவேண்டிய ஈஸ்ட்டும் செயலற்று உறங்கும். ஒரு பகுதி மடியும்.

ஆகவே லிண்டே தேடியது கடுங்குளிரன்று. அளவறிந்து நிறுத்தும் குளிரே. முனிச்சில் ஸ்பாட்டன் பீராலைத் தலைவர் கபிரியேல் செடல்மயர் துணைநிற்க, மீதைல் ஈதரால் இயங்கும் பொறியை முதலில் அமைத்தார். அதிற் கசிவு நீங்காமை கண்டு, 1876இல் அம்மோனியாவைக் கைக்கொண்டார். சுழியத்திற்கு 33 டிகிரி கீழேயே கொதிக்கும் அம்மோனியா, ஆவியாகுங்கால் சூழ்ந்துள்ள வெப்பத்தைக் கவரும். அவ்வாவியை அமுக்கிக் குளிர்விப்பின் மீண்டும் நீர்மமாகும். இச்சுழற்சியை வேண்டுமளவில் நடத்தி, கோடையிலும் நிலவறையைக் குளிர்வித்தார். 1879இல் தம் பெயரால் கம்பெனியும் நிறுவினார். இத்தகைய பொறிகள் பெருகவே, கடல்கடந்த பனிக்கட்டி வாணிகம் மறைந்தது.

1895இல் காற்றையே நீர்மமாக்கினார். 1902இல் அதனின்று பிராணவாயுவைப் பிரித்தெடுத்தார். 1934ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் முனிச்சில் காலமானார்.

பீரின் பொருட்டுப் பிறந்த குளிர் இன்று பாலையும் மீனையும் தடுப்பு மருந்தையும் காக்கின்றது. 2021இல் கொள்ளைநோயால் நம் நாட்டினர் மூச்சிற்குத் தவித்தபோது, டாங்கர் டாங்கராய்ச் சென்ற நீர்மப் பிராணவாயு அவர் வகுத்த வழியில் வந்ததே. மதுவை நாம் போற்றவில்லை; அறிவின் பயன் தோன்றிய இடத்தோடு நில்லாதென்பதையே கண்டோம். மாணவ நண்பர்காள்! பட்டமின்றிக் கல்லூரி நீங்கிய இளைஞர் ஒருவர் இத்துணை செய்தாரெனின், கற்கும் வாய்ப்புக் குன்றாத நாம் யாது செய்வோம்?