சுவாமி விபுலாநந்த அடிகள்: ஆராய்ச்சியை வகுப்பறைக்குக் கொண்டுவந்த ஆசிரியர்



க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞான வினாத்தாளை நீங்கள் தமிழில் வாசித்துத் தமிழிலேயே விடை எழுதுவீர்கள். அணு, அமிலம், விசை, ஆர்முடுகல் ஆகிய சொற்கள் உங்களுக்கு நன்கு பழகியவை. ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன்னர் திருகோணமலையில் நிலைமை வேறு. அன்று விஞ்ஞானத்தை உயர்வகுப்பு வரை கற்க விரும்பிய பிள்ளை ஆங்கிலப் பாடசாலைக்குச் செல்ல வேண்டும். அங்கு கட்டணமும் செலுத்த வேண்டும். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரின் பிள்ளைக்கும் கடலில் வலை வீசியவரின் பிள்ளைக்கும் அது எட்டாக்கனியாகவே இருந்தது.

இந்த நிலையை மாற்ற உழைத்தவர்களுள் ஒருவர் சுவாமி விபுலாநந்த அடிகள். அவரைத் துறவி என்றும் யாழ் நூலின் ஆசிரியர் என்றும் நீங்கள் அறிவீர்கள். இப்பாடத்தில் அவரை ஓர் ஆசிரியராகப் பார்ப்போம். தாம் ஆராய்ந்து கண்டதை அவர் எவ்வாறு மாணவரிடம் கொண்டு சேர்த்தார் என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது.

1. இளமையும் கல்வியும்

கிழக்கு மாகாணத்தின் காரைதீவில் 1892 ஆம் ஆண்டு மார்ச் 27 ஆம் திகதி அடிகளார் பிறந்தார். தந்தையார் சாமித்தம்பி, தாயார் கண்ணம்மை. துறவு பூணும் வரை அவர் மயில்வாகனன் என்ற பெயரால் அழைக்கப்பட்டார். கல்முனையிலும், பின்னர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்று 1912 இல் பயிற்றப்பட்ட ஆசிரியரானார்.

இதன் பின் அவர் நடந்த பாதை கவனத்துக்குரியது. 1916 ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் சித்தியெய்தினார். இலங்கையரில் இப்பரீட்சையில் முதலில் தேறியவர் அவரே. அதே ஆண்டில் கொழும்பில் விஞ்ஞான டிப்ளோமாவும் பெற்றார். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியானார். தமிழ் கற்றவருக்கு விஞ்ஞானம் தேவையில்லை, விஞ்ஞானம் கற்றவருக்குத் தமிழ் தேவையில்லை என்று பலர் எண்ணிய காலம் அது. இரண்டையும் முறையாகக் கற்ற ஒருவர் வகுப்பறைக்குள் நுழைந்தார் என்பதே அன்று புதுமை.

யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராகவும், மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராகவும் அவர் பணியாற்றினார். 1922 இல் அதிபர் பதவியைத் துறந்து சென்னையில் இராமகிருஷ்ண மிஷனில் சேர்ந்தார். 1924 இல் சந்நியாசம் பெற்று விபுலாநந்தர் ஆனார்.

2. திருகோணமலையில் அடிகளார்

நமது திருகோணமலை இந்துக் கல்லூரி 1897 இல் தொடங்கப்பட்டது. 1925 இல் அதன் பொறுப்பை இராமகிருஷ்ண மிஷன் ஏற்றது. நாடு திரும்பிய அடிகளார் சில ஆண்டுகள் அதன் அதிபராக இருந்து நடத்தினார். அப்போது துறைமுகம் பிரித்தானியக் கடற்படைத் தளம். ஆங்கிலம் தெரிந்தவருக்கே நகரில் நல்ல உத்தியோகம் கிடைத்தது. ஆகவே பெற்றோர் ஆங்கிலக் கல்வியை விரும்பியதில் வியப்பில்லை. அடிகளாரும் ஆங்கிலத்தை வெறுத்தவர் அல்லர். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழருக்கு அறிமுகம் செய்யும் மதங்க சூளாமணி என்னும் நூலை எழுதியவர் அவர். ஆங்கிலத்தையும் தமிழையும் ஒரே மாணவன் ஒருங்கே கற்க முடியும் என்பதற்கு அவரது வாழ்க்கையே சான்று.

1929 இல் மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். அங்கு பகலில் பல்கலைக்கழக மாணவருக்குப் பாடம் சொன்னவர், அருகிலுள்ள திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்குச் சென்று பிள்ளைகளுக்கும் எழுத்தறிவித்தார். உயர்ந்த ஆராய்ச்சியும் அரிச்சுவடியும் அவருக்கு ஒரே பணியின் இரு முனைகளாக இருந்தன.

3. சொல் இல்லாத இடத்தில் சொல்

தாய்மொழியில் விஞ்ஞானம் கற்பிக்க விரும்பும் ஆசிரியர் முதலில் சந்திக்கும் தடை கலைச்சொல். ஒரு பொருளுக்கு ஓர் ஆசிரியர் ஒரு சொல்லையும் மற்றவர் வேறு சொல்லையும் கையாண்டால் மாணவர் குழம்புவர். பொதுப் பரீட்சையும் நடத்த முடியாது. இதனைத் தீர்க்கச் சென்னையில் 1936 இல் கலைச்சொல்லாக்க மாநாடு கூடியது. அதற்குத் தலைமை வகித்தவர் அடிகளார். பல துறை அறிஞர்கள் குழுக்களாக அமர்ந்து ஆய்ந்த சொற்கள் 1938 இல் தொகுதியாக வெளிவந்தன.

இலங்கையில் 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. தாய்மொழிக் கல்வி கீழ்வகுப்புகளில் தொடங்கிப் படிப்படியாக மேல்வகுப்புகளுக்கும் பரவியது. தாய்மொழியே பிள்ளைக்குக் கற்பிக்கச் சிறந்த ஊடகம் என்று யுனெஸ்கோ நிறுவனத்தின் அறிக்கை 1953 இல் எடுத்துரைத்தது. அடிகளார் மறைந்து ஆறு ஆண்டுகளின் பின் வந்த அறிக்கை அது.

4. யாழ் நூல் காட்டும் ஆராய்ச்சி முறை

சங்க காலத்தில் ஒலித்த யாழ் பின்னர் வழக்கொழிந்தது. அதன் பெயர் பாடல்களில் இருந்தது, கருவி எவர் கையிலும் இருக்கவில்லை. பழம்பெருமை பேசி அடிகளார் நின்றுவிடவில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைச் சான்றாகக் கொண்டார். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு சுரங்களுக்கிடையிலான விகிதங்களைக் கணித முறையிற் கணித்தார். பௌதிகவியலின் ஒலி விதிகளோடு ஒப்பிட்டார். அவர் முடிவுகளின்படி யாழ்கள் செய்யப்பட்டன. பதினான்கு ஆண்டு உழைப்பின் பயனான யாழ் நூல் 1947 யூன் மாதம் தமிழ்நாட்டின் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது.

இலக்கியச் சான்று, கணிதம், பரிசோதனை ஆகிய மூன்றும் இங்கே ஒன்றுசேர்வதைக் கவனியுங்கள். உங்கள் நேரசூசியில் இவை மூன்று தனித்தனிப் பாடவேளைகள். அடிகளாருக்கு அவை ஒரே வினாவுக்கு விடை தேடும் மூன்று வழிகள்.

1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய அடிகளார், 1947 யூலை 19 ஆம் திகதி கொழும்பில் மறைந்தார். யாழ் நூல் அரங்கேறி இரண்டு மாதங்கள் கூட ஆகியிருக்கவில்லை. அவருடைய உடல் சிவானந்த வித்தியாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டது.

5. நாளைய வகுப்பறையில்

மாணவர்களே, உங்களிற் சிலர் உயர்தரம் முடித்துக் கல்வியியற் கல்லூரிக்குச் செல்வீர்கள். பத்து ஆண்டுகளில் ஒரு வகுப்பறை உங்கள் பொறுப்பில் வரும். அங்கே அடிகளாரின் வழியை எப்படிக் கையாளலாம்?

ஒரு பலகையில் 60 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு ஆணிகளை அடியுங்கள். மீன்பிடிக்கும் தங்கூசியை அவற்றிடையே இழுத்துக் கட்டி மீட்டுங்கள். பின்னர் 40 சென்ரிமீற்றரில் ஒரு பென்சிலைத் தாங்கியாக வைத்து, அந்த நீளமான பகுதியை மீட்டுங்கள். இழுவிசை மாறாவிட்டால் அதிர்வெண் ஒன்றரை மடங்காகும். முதலில் கேட்டது குரல் எனின், இது இளி. 30 சென்ரிமீற்றரில் வைத்தால் அதிர்வெண் இருமடங்காகி, குரலே மேல் தாயியில் ஒலிக்கும். செலவு மிகச் சொற்பம். ஆனால் அந்த ஒரு பாடவேளையில் விஞ்ஞானம், கணிதம், தமிழ் இலக்கியம், சங்கீதம் நான்கையும் பிள்ளை காதாற் கேட்கும்.

கற்றலைப் பற்றிய ஆய்வுகளையும் ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும். ரோடிகர், கார்ப்பிக் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் 2006 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாணவர்கள் ஒரு பந்தியை மீண்டும் வாசித்தனர்; வேறொரு பந்தியை மூடிவைத்து, நினைவில் இருந்ததை எழுதினர். ஐந்து நிமிடங்களின் பின் சோதித்தபோது மீண்டும் வாசித்த முறையே முந்தி நின்றது. ஒரு வாரத்தின் பின் சோதித்தபோதோ நிலை தலைகீழாயிற்று. மீண்டும் வாசித்ததில் நினைவில் நின்றது ஏறத்தாழ 42 வீதம். எழுதிப் பார்த்ததில் 56 வீதம். பரீட்சைக்கு முதல் நாள் இரவு திரும்பத் திரும்ப வாசிப்பது ஏன் ஏமாற்றுகிறது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

நல்ல ஆசிரியர் இத்தகைய முடிவை அறிந்ததோடு நின்றுவிட மாட்டார். தம் வகுப்பிற் செய்து பார்ப்பார், யாருக்குப் பயன்பட்டது, யாருக்குப் பயன்படவில்லை என்று குறித்து வைப்பார், பின்னர் முறையைத் திருத்துவார். யாழைச் செய்து பார்த்த அடிகளாரின் வழியும் அதுவே.

நினைவிற் கொள்க

1892 – காரைதீவில் பிறப்பு
1916 – மதுரைப் பண்டிதர் பட்டம்
1920 – இலண்டன் விஞ்ஞானப் பட்டம்
1925 – திருகோணமலைப் பணி
1929 – சிவானந்த வித்தியாலயம்
1936 – கலைச்சொல்லாக்க மாநாடு
1943 – இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர்
1947 – யாழ் நூல் அரங்கேற்றம், மறைவு

பயிற்சி

(இப்பக்கத்தை மூடிவைத்து விடை எழுதுக. ஒரு வாரத்தின் பின் மீண்டும் எழுதி இரண்டையும் ஒப்பிடுக.)

1. தாய்மொழியில் விஞ்ஞானம் கற்பிக்கக் கலைச்சொற்கள் ஏன் இன்றியமையாதவை?
2. யாழ் நூல் ஆய்வில் இலக்கியமும் விஞ்ஞானமும் இணைந்த முறையை விளக்குக.
3. 60 சென்ரிமீற்றர் தந்தியின் 40 சென்ரிமீற்றர் பகுதியை மட்டும் மீட்டினால் அதிர்வெண் எத்தனை மடங்காகும்? காரணம் தருக.
4. நீர் ஆசிரியரானால் உமது வகுப்பிற் செய்து பார்க்க விரும்பும் ஒரு கற்பித்தல் முறையைக் கூறி, அது பயன்பட்டதா என எவ்வாறு அறிவீர் என எழுதுக.