சுவாசப்பையின் பாதையைக் கண்டறிந்த இப்னு நபீஸ்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். ஆசிரியர் கலாசாலையில் குருதிச் சுற்றோட்டம் என்றால் ஹார்வி, 1628 என்று மனனம் செய்தவன் நான். இப்னு நபீஸைத் தேடிப் படிக்கவைத்தது என் மாணவி ஒருத்தியின் நோய்.

அந்தப் பிள்ளைக்குப் படியேறினாலே மூச்சு வாங்கும். ஆஸ்துமா என்றார்கள், நானும் அப்படியே நம்பினேன். உதடு நீலம் பாரித்ததையும் விரல் நுனிகள் தடித்திருந்ததையும் கண்டும் யோசிக்கவில்லை. கடைசியில் கொழும்பில் ஸ்கேன் எடுத்தபோதுதான் உண்மை தெரிந்தது. பிறவியிலேயே அவளுடைய சுவாசப்பையில் ஒரு நாடி, மயிர்க்குழாய்களைத் தாண்டி நேரே நாளத்தோடு இணைந்திருந்தது. அவ்வழியே போகும் குருதி ஒட்சிசனைப் பெறாமலே இதயத்துக்குத் திரும்புகிறது. சுவாசப்பை வடிகட்ட வேண்டிய குருதிக்கட்டிகளும் கிருமிகளும் மூளைக்குச் சென்று பக்கவாதத்தையோ சீழ்க்கட்டியையோ உண்டாக்கலாம்.

இந்தப் பாதையை முதன்முதலில் சரியாக எழுதிவைத்தவர் இப்னு நபீஸ். 1213ஆம் ஆண்டளவில் டமஸ்கஸ் பகுதியில் பிறந்து, அங்குள்ள நூரி மருத்துவமனையில் மருத்துவம் கற்று, பின்னர் கெய்ரோ சென்றார். வைத்தியராக இருந்துகொண்டே மஸ்ரூரிய்யா மத்ரஸாவில், நாம் பின்பற்றும் அதே ஷாபிஈ மத்ஹபின் பிக்ஹையும் போதித்தார்.

இதயத்தின் நடுச்சுவரில் உள்ள நுண்துளைகள் வழியாகக் குருதி வலமிருந்து இடம் செல்கிறது என்று கிரேக்க மருத்துவர் கேலன் எழுதியதை ஆயிரம் ஆண்டுகளாக எல்லோரும் ஏற்றிருந்தார்கள். இப்னு ஸீனாவின் நூலுக்கு 1242இல் எழுதிய விளக்கவுரையில் இப்னு நபீஸ் அதை மறுத்தார். அந்தச் சுவரில் துளையே இல்லை. குருதி சுவாசப்பைக்குச் சென்று, காற்றோடு கலந்து, இடப்பக்கம் வருகிறது என்றார். நாடிக்கும் நாளத்துக்கும் இடையே நுண்ணிய வழிகள் உண்டு என்பதையும் சொன்னார். நுணுக்குக்காட்டியில் மல்பீகி மயிர்க்குழாய்களைக் கண்டது 1661இல்தான்.

1288இல் நோயுற்றபோது மருந்தாகத் தரப்பட்ட மதுவை மறுத்துவிட்டார். வீட்டையும் நூலகத்தையும் கெய்ரோவின் மன்சூரி மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டு வபாத்தானார். அவருடைய கண்டுபிடிப்பை உலகம் மறந்தது. 1924இல் எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்ததாவி, பெர்லின் நூலகத்திலிருந்த கையெழுத்துப் பிரதியைப் படித்து அதை வெளிக்கொண்டுவந்தார்.

அதே பெர்லினில் 1977இல் போர்ஸ்ட்மன் என்ற மருத்துவர், நெஞ்சைத் திறக்காமலே இந்நோய்க்குச் சிகிச்சை செய்ததை அறிவித்தார். தொடை நாளத்தில் மெல்லிய குழாயைச் செலுத்தி, இதயத்தின் வலப்பக்கம் கடந்து, சுவாசப்பை நாடிக்குள் போய், பிழையான இணைப்புக்குச் செல்லும் நாடியை அடைத்துவிடுவார்கள். இன்று சிறிய உலோகச் சுருள் அல்லது அடைப்பான் பயன்படுகிறது. என் மாணவிக்கும் அப்படித்தான் செய்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், இப்போது அவள் மூச்சு வாங்காமல் மாடி வகுப்புக்கு ஏறி வருகிறாள்.

பெற்றோருக்கும் சக ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்ஹேலருக்கும் குறையாத மூச்சுத்திணறல், நீலம் பாரித்த உதடு, தடித்த விரல் நுனி, அடிக்கடி மூக்கால் குருதி வடிதல் ஆகியவற்றைக் கண்டால், விரலில் மாட்டும் கருவியால் ஒட்சிசனை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இந்நோய் பல குடும்பங்களில் பரம்பரையாக வருவதால் உடன்பிறந்தோரையும் பரிசோதிக்க வேண்டும். முன்னோர் சொன்னார்கள் என்பதற்காக இப்னு நபீஸ் பார்க்காமல் விட்டுவிடவில்லை. நான் விட்டுவிட்டேன்.

அல்லாஹ் அன்னாரின் கப்ரை ஒளிமயமாக்குவானாக.